டிராக் சைக்கிள் வாங்கும் குடும்பங்களுக்கு

டில்லி மாநகரில், 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கென யமுனைக் கரையில் சைக்கிள் பந்தயத் தளம் ஒன்று அமைக்கப்பட்டது. பின்னர் 2010-ஆம் ஆண்டு காமன்வெல்த் போட்டிகளை முன்னிட்டு, இந்திரா காந்தி விளையாட்டரங்க வளாகத்தில் கூரை வேய்ந்த 250 மீட்டர் மரத்தளம் எழுந்தது. அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சேர்ந்த எஸோ ஆல்பன் 2018-இல் உலக ஜூனியர் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். மறு ஆண்டு ஜெர்மனியில் நடந்த அதே போட்டியில் அவரும், மணிப்பூர் இளைஞர்களான ரொனால்டோ சிங், ரோஜித் சிங் ஆகியோரும் குழுவாகத் தங்கம் வென்றனர். இச்செய்திகளைக் கேட்ட நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவ்விளையாட்டில் ஆசை பிறப்பது இயல்பே. ஆசை பிறந்த மறுநாளே பெற்றோர் முன் எழும் கேள்வி: எதை வாங்குவது, எதற்கு எவ்வளவு செலவழிப்பது என்பதாகும்.

டிராக் சைக்கிளுக்கு பிரேக் இல்லை, ஃப்ரீவீலும் இல்லை. பின்சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் கால்களால் எதிர்விசை கொடுத்தே குறைக்க வேண்டும். ஆகவே சாதாரண சைக்கிளில் பிரேக் செய்யும் வேலையை இங்கே செயினும் பற்சக்கரமும் ஹப்பும் செய்கின்றன. இவ்வொன்றை மனத்தில் கொண்டால், பணத்தை எங்கே செலவிடுவது, எங்கே சிக்கனம் பிடிப்பது என்பது தானே விளங்கும்.

எல்லாவற்றினும் முதன்மையானது பின்சக்கர ஹப். நல்ல டிராக் ஹப்பில் இரண்டு மரைகள் படிபோல் அமைந்திருக்கும். உட்புறத்துப் பெரிய மரையில் பற்சக்கரம் வலச்சுற்றாக ஏறும். வெளிப்புறத்துச் சிறிய மரையில் லாக்-ரிங் எனப்படும் பூட்டு வளையம் இடச்சுற்றாக ஏறும். ஓட்டுபவர் கால்களால் எதிர்விசை கொடுக்கும்போது பற்சக்கரம் கழல முயலும். ஆனால் அது கழலும் திசையே பூட்டு வளையம் இறுகும் திசையாதலால், வளையம் அதனை விடாது பிடித்துக்கொள்ளும். சாதாரண சைக்கிளின் ஃப்ரீவீல் ஹப்பிலும் அந்தப் பெரிய மரை அதே அளவில்தான் இருக்கிறது. எனவே டிராக் பற்சக்கரம் அதிலும் தடையின்றி ஏறிவிடும். ஏறிவிட்டதைக் கண்டு 'இதுவே போதும்' என்று சிலர் கூறக்கூடும். பூட்டு வளையத்துக்கான இரண்டாவது மரை அதில் இல்லை. அத்தகைய ஹப்புடன் தளத்தில் இறங்கினால், வேகத்தைக் குறைக்க முயலும் கணத்தில் பற்சக்கரம் கழன்று, பிள்ளை தன் வசமின்றிப் போய்விடுவான். ஆதலால் ஹப்பைக் கையில் வாங்கி, இரு படிகளையும் கண்ணால் கண்ட பின்னரே விலை பேசுக.

செயினைப் பற்றியும் சிறிது அறிந்திருத்தல் நலம். டிராக் சைக்கிளுக்கு வழக்கமான செயின் 1/8 அங்குல அகலமுள்ளது. கியர் சைக்கிளின் செயின் அதனினும் குறுகியது. முன்னும் பின்னும் உள்ள பற்சக்கரங்கள் 1/8 அங்குலமாக இருந்தால் குறுகிய செயின் அவற்றில் சரியாக அமராது. மூன்றையும் ஒரே அளவில் வாங்குவதே முறை. ஜப்பானில் 1948-இல் தொடங்கிய கெய்ரின் பந்தயங்களுக்கு அங்கீகாரம் பெற்ற பாகங்களில் 'என்.ஜே.எஸ்.' என்னும் முத்திரை காணப்படும். பழையதாயினும் தேயாத நிலையில் அவை கிடைத்தால் நம்பி வாங்கலாம்.

பற்களின் எண்ணிக்கைக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. முன்னே 48 பல், பின்னே 16 பல் எனில், பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் 3 முறை சுழலும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர் ஆகையால், ஒரு மிதிக்குச் சைக்கிள் 6.3 மீட்டர் செல்லும். பின்னே 15 பல் வைத்தால் அது ஏறத்தாழ 6.7 மீட்டராகும். இளம் வயதினர் சிறிய கியரில் விரைந்து மிதிக்கப் பழகிய பின்னரே பெரியதற்குப் போவது முழங்காலுக்கு நல்லது. விலையுயர்ந்த சக்கரம் ஒன்றை வாங்குவதினும், 14, 15, 16 பல் கொண்ட மூன்று பின்சக்கரப் பற்சக்கரங்களை வாங்கி வைப்பது பிள்ளைக்கு அதிகம் பயன்படும்.

ஃப்ரேம் உடலளவுக்குப் பொருந்த வேண்டும். 'வளர்ந்து சரியாகிவிடுவான்' என்று சட்டைத்துணி எடுப்பதுபோல் பெரியதாக வாங்கலாகாது. வளரும் பிள்ளைக்குப் பழைய அலுமினிய ஃப்ரேமே சிக்கனம். கைப்பிடிக் குழாயும் கீழ்க்குழாயும் கூடும் இடத்தில் விரிசல் உண்டா என்று பார்த்தால் போதும். பழைய கார்பன் ஃப்ரேமிலோ, உட்சேதம் வெளியே தெரியாமலே இருக்கக்கூடும். 250 மீட்டர் தளங்களின் வளைவு 40 பாகைக்கு மேல் சரிந்திருப்பதால் பெடல் தரையில் இடிக்காதபடி கிராங்க் குட்டையாக இருத்தல் வேண்டும். 165 மில்லிமீட்டர் பெரும்பாலோர்க்கு ஏற்றது.

டயர்களில், ரிம்மோடு பசையிட்டு ஒட்டுவது ஒருவகை. டியூப் போட்டது மற்றொரு வகை. பசை சரியாகப் பிடிக்காத டயர் வளைவில் உருண்டு கழன்றுவிடும். எனவே தொடக்கத்தில் டியூப் டயரே போதும். சாலையில் ஓடிய டயரைத் தளத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டாம். அதில் பதிந்த கண்ணாடித் துகள் டயரையும் கெடுக்கும், மரப்பலகையையும் கெடுக்கும். தலைக்கவசத்தை மட்டும் எக்காரணத்தாலும் பழையதாக வாங்கற்க. ஒருமுறை அடிபட்ட கவசம் பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கலாம்.

எங்கே வாங்குவது? கரோல்பாகில் வசிக்கும் நம்மவர்க்கு ஜண்டேவாலான் சைக்கிள் சந்தை அண்டையிலேயே இருக்கிறது. பஞ்சாபிலுள்ள லூதியானா நம் நாட்டுச் சைக்கிள் தொழிலின் நடுநாயகம். டியூப், பேரிங் குண்டுகள், கருவிகள் முதலியவற்றை இவ்விடங்களில் தாராளமாக வாங்கலாம். டிராக் ஹப், பற்சக்கரம் போன்றவை பெரும்பாலும் அயல்நாட்டுச் சரக்கு. தபாலில் தருவிப்போர் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்கிடுக. எதை வாங்கினும் ரசீது பெறுக; பணம் கொடுக்குமுன் பயிற்சியாளரிடம் ஒருமுறை காட்டுக.

கண்ணைப் பறிக்கும் தட்டுச் சக்கரமும், மிக இலேசான கைப்பிடியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சர்வதேச விதியே சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையலாகாது என்கிறது; கற்கும் பிள்ளைக்கு எடையைக் குறைக்கப் பணம் இறைப்பது தேவையற்றது.

இறுதியாகப் பெற்றோர் மறவாதிருக்க வேண்டியது ஒன்று. பிரேக் இல்லாத இச்சைக்கிளைத் தெருவில் ஓட்ட விடாதீர்கள். பள்ளிக்கோ கடைக்கோ என்றாலும் கூடாது. தளத்திற்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். வாரம் ஒருமுறை பிள்ளையையே பூட்டு வளையத்தையும் அச்சு நட்டுகளையும் இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தன் உயிரைத் தாங்கும் பாகம் எது என்று அறிந்து ஓட்டுகிற பிள்ளையைத் துணிந்து தளத்திற்கு அனுப்பலாம்.