அணைய மறுக்கும் கீசர்

(எழுதியவர்: இரண்டாமாண்டு மாணவி, மின் மற்றும் மின்னணுவியல் துறை)



"உங்க ஊர் குளிருக்கு வீட்டுக்கு வீடு ஹீட்டர் இருக்குமே?" என்று ஹாஸ்டல் தோழிகள் கேட்பதுண்டு. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் தாண்டினால் எங்கள் பூண்டி. மார்கழி, தை மாத விடியலில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். ஆனாலும் வெளிநாட்டு வீடுகளைப் போல பாய்லரில் காய்ந்த நீரைக் குழாய் வழியே வீடு முழுக்கச் சுற்றவிட்டு அறையைச் சூடாக்கும் வசதி எங்களிடம் கிடையாது. எங்களுக்கு விறகடுப்பும் கம்பளியும்தான். சுற்றுலாப் பயணிகள் தங்கும் காட்டேஜ்கள் பெருகியதால் இப்போது மலையில் எங்கும் கீசர் வந்துவிட்டது.

கீசர் போட்டால் எரிய வேண்டும், சூடானதும் தானாக அணைய வேண்டும். எரியாவிட்டால் உடனே ஆள் கூப்பிடுகிறார்கள். அணையாவிட்டால் யாரும் கண்டுகொள்வதில்லை. "தண்ணி நல்லா சுடுது" என்று சந்தோஷப்படுகிறார்கள்! இரண்டில் எது ஆபத்து? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பழைய பாய்லரும் புதிய கீசரும்

நம் தாத்தா காலத்துச் செம்புப் பாய்லரை நினைத்துப் பாருங்கள். நடுவில் குழாய் போல அடுப்பு, சுற்றிலும் தண்ணீர், மேலே சும்மா வைத்த மூடி. அதற்குத் தெர்மோஸ்டாட் கிடையாது. விறகு தீர்ந்தால் நெருப்பு அடங்கும். மிஞ்சிக் கொதித்தால் ஆவி மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும். கீசரோ மூடிய தொட்டி. அதன் 'விறகு' மின்சாரம். யாராவது நிறுத்தும் வரை அது தீரவே தீராது. எனவே நிறுத்துகிற வேலையை ஒரு கருவியிடம் ஒப்படைத்திருக்கிறோம். அதுதான் தெர்மோஸ்டாட்.

எப்படி அணைகிறது?

கீசரில் அதிகம் காணப்படுவது ராட் வகைத் தெர்மோஸ்டாட். வெளியே பித்தளைக் குழாய், உள்ளே இன்வார் என்ற கலப்பு உலோகக் கம்பி. இன்வார் என்பது இரும்போடு 36 சதவீதம் நிக்கல் சேர்ந்தது. சூட்டில் அது ஏறக்குறைய நீளுவதே இல்லை. இதைக் கண்டுபிடித்த சார்லஸ் கியோம் 1920-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். பித்தளையோ சூட்டில் நீளும். தண்ணீர் 50 டிகிரி சூடேறினால், 27 செ.மீ. நீளமுள்ள ராடில் இரண்டுக்கும் வரும் வித்தியாசம் சுமார் கால் மில்லிமீட்டர். இந்தக் கால் மில்லிமீட்டர்தான் 'டக்'கென்று கான்டாக்டைப் பிரித்து 2,000 வாட்டை நிறுத்துகிறது! வியப்பாக இல்லையா?

அது தவறினால் தெர்மல் கட்-அவுட் இருக்கிறது. அதுவும் தவறினால் அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு. கடைசியாக, மிகை வெப்பத்தில் உருகி வழிவிடும் ஃப்யூசிபிள் பிளக். ஆக, ஒரு கீசருக்கு நான்கு காவலர்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

25 லிட்டர் கீசர், 2 கிலோவாட் எலிமென்ட். மலைத் தண்ணீர் 12 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 60 டிகிரிக்கு வர வேண்டிய வெப்பம் 25 × 4.186 × 48, அதாவது சுமார் 5,020 கிலோஜூல். இரண்டால் வகுத்தால் 2,510 விநாடி. ஏறத்தாழ 42 நிமிடம்.

இங்கே தெர்மோஸ்டாட் அணைக்கவில்லை என்றால்? இதே கணக்குப்படி அடுத்த 35 நிமிடத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தொட்டுவிடும். ஒருவர் டீ குடித்துவிட்டு வருகிற நேரம்தான்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதிக்கும். ஆனால் வால்வுகள் அடைபட்ட மூடிய தொட்டியில் அழுத்தம் கூடக்கூட கொதிநிலையும் ஏறும். உள்ளே 120 டிகிரி வரை போனது என்று கொள்வோம். அந்தத் தொட்டி திடீரென விட்டால், ஒரு லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீர் அதே நொடியில் ஆவியாகும். அந்த ஆவியின் கன அளவு 2,000 லிட்டரைத் தாண்டும். சிறிய குளியலறைக்குள் நிற்பவரின் கதி என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏன் அணையவில்லை?

முதலில், பழுதே இல்லாமலும் விளக்கு அணையாமல் இருக்கலாம். வெந்நீர்க் குழாய் எங்காவது ஒழுகினால் பச்சைத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும், கீசரும் ஓடிக்கொண்டே இருக்கும். லோ வோல்டேஜும் ஒரு காரணம். 230-க்குப் பதில் 180 வோல்ட் வந்தால் சக்தி 61 சதவீதமாகக் குறையும். 42 நிமிட வேலை 68 நிமிடம் ஆகும். ஆகவே கடிகாரத்தையும் வோல்ட்மீட்டரையும் பார்க்காமல் கீசரைக் குற்றம் சொல்லக்கூடாது.

உண்மையான பழுதுகள் இவை:

1. கான்டாக்ட் ஒட்டிக்கொள்வது. 2 கிலோவாட் என்றால் 8.7 ஆம்பியர். ஒவ்வொரு முறை பிரியும்போதும் சிறு பொறி. நாளடைவில் இரு முனையும் உருகி வெல்டிங் வைத்தது போல ஒட்டிவிடும்.

2. ராட் அல்லது கேபிலரி பல்ப் தன் குழிக்குள் சரியாக உட்காராதது. தண்ணீர் கொதித்தாலும் அது காற்றைத்தான் உணரும்.

3. போர் தண்ணீரின் உப்பு படிவது. ராட் குழியின் மேல் படிந்த உப்பு சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும், அணைவது தாமதமாகும்.

4. பேஸும் நியூட்ரலும் மாறிப்போவது. இது நாம் பரீட்சைக்காக மட்டும் படிக்கிற விஷயம் அல்ல! தெர்மோஸ்டாட் நியூட்ரலில் அமைந்துவிட்டால், அது பிரிந்த பிறகும் எலிமென்டில் மின்சாரம் இருக்கும். எலிமென்டின் உறையில் கசிவு இருந்தால் பேஸ், எலிமென்ட், எர்த் என்ற வழியில் மின்னோட்டம் தொடரும். தெர்மோஸ்டாட் அணைத்தும் தண்ணீர் காய்ந்துகொண்டிருக்கும். ஆர்.சி.சி.பி. இருந்தால் ட்ரிப் ஆகிக் காட்டிக்கொடுக்கும்.

5. 'டைரக்ட்' கொடுப்பது. பழுதான தெர்மோஸ்டாட்டை மாற்றாமல் இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றிவிடுவது. இது பழுதல்ல, மனிதர் செய்கிற வேலை.

கண்ணால் கண்டது

ஐந்தாவதை நான் நேரிலேயே பார்த்தேன். என் அம்மா ஒரு தங்கும் விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறார். விடிகாலை ஐந்து மணிக்கு கீசர்களைப் போடுவதும், தண்ணீர் சுடுகிறதா என்று கை வைத்துப் பார்ப்பதும் அவர்தான். "ஒரு ரூம்ல மட்டும் லைட்டே அணையாது பாப்பா, கொழாயத் தொறந்தா புஸ்ஸுபுஸ்ஸுன்னு பொகையா வரும்" என்று லீவில் வீட்டுக்குப் போனபோது சொன்னார். எனக்குத் திக்கென்றது. லைசென்ஸ் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரைக் கூட்டிப்போனேன். மெயினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினால், தெர்மோஸ்டாட்டின் இரு வயரும் ஒன்றாகச் சேர்ந்து டேப்புக்குள் இருந்தன. ரிலீஃப் வால்வு சொட்டுகிறது என்று அதையும் யாரோ பூசி அடைத்திருந்தார்கள். நான்கு காவலரில் இருவரைக் கட்டிப்போட்டுவிட்டார்கள்!

"சூடு நல்லாத்தானேம்மா வருது, எதுக்குப் பிரிக்கிறே?" என்றார் விடுதிக்காரர். அந்த அண்ணன் கணக்கைச் சொல்லி விளக்கியதும் சம்மதித்தார். தெர்மோஸ்டாட்டும் வால்வும் மாற்றியாயிற்று. செலவு சில நூறு ரூபாய். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவள் நான். "அணைஞ்சா கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன், அணைஞ்சாத்தான் நல்லா இருக்குன்னு இப்பத்தான் தெரியுது" என்றார் அம்மா.

எப்படிச் சோதிப்பது?

அளவுக்கு மீறிக் காய்ந்த கீசரைக் கண்டால் முதல் வேலை, டி.பி. சுவிட்சையோ எம்.சி.பி.யையோ அணைப்பது. குழாயையும் வால்வையும் தொடாதீர்கள். எல்லாரையும் அந்த அறையைவிட்டு வெளியே அனுப்பிவிட்டு, சில மணி நேரம் தானாக ஆறவிடுங்கள்.

ஆறிய பிறகு, மின்சாரம் வரவில்லை என்பதை டெஸ்டரால் மட்டுமல்ல, மல்டிமீட்டராலும் உறுதி செய்துகொண்டு தெர்மோஸ்டாட்டைக் கழற்றுங்கள். குளிர்ந்த நிலையில் முனைகளுக்கு இடையே மீட்டர் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். அதையே சுடுநீர்ப் பாத்திரத்தில், முனைகள் நனையாமல் இறக்கி, பக்கத்தில் தெர்மாமீட்டர் வையுங்கள். டயலில் வைத்த சூட்டை ஒட்டி 'டக்' சத்தம் கேட்டு இணைப்பு பிரிய வேண்டும். பிரியாவிட்டால் அதைத் தூக்கிப் போடுங்கள், உப்புத்தாளால் தேய்த்துத் திரும்ப மாட்டாதீர்கள். எலிமென்டின் தடை 26 ஓம் அளவில் இருக்க வேண்டும் (230 × 230 ÷ 2000). உறைக்கும் எலிமென்டுக்கும் இடையே மெகரால் கசிவு பார்த்துவிடுங்கள். கட்-அவுட் அடிக்கடி விழுந்தால் பட்டனை அழுத்திக்கொண்டே இராமல் காரணத்தைத் தேடுங்கள்.

கடல் கடந்தும் இதே கதை

இங்கிலாந்து வீடுகளில் ஹீட்டிங் பாய்லர் அணையாவிட்டால் மெக்கானிக் பார்ப்பதும் இதே வரிசைதான். சூடு வேண்டும் என்று கேட்பது யார்? அறைத் தெர்மோஸ்டாட்டா, டைமரா? அங்கே கோளாறு இல்லையென்றால் குழாயில் உள்ள மோட்டார் வால்வைப் பார்ப்பார். அதனுள் இருக்கும் மைக்ரோ சுவிட்ச் ஒட்டிக்கொண்டால், அறை சூடான பிறகும் பாய்லருக்கு 'எரி' என்ற கட்டளை போய்க்கொண்டே இருக்கும். பாய்லர் அணைந்தபின் பம்பு மட்டும் சில நிமிடம் ஓடுவது பழுதல்ல, மிச்சச் சூட்டை வெளியேற்றத்தான். கருவி வேறானாலும் கேள்வி ஒன்றே: நிறுத்தச் சொல்வது யார், அந்தச் சொல் எங்கே நின்றுபோனது?

நண்பர்களே! டிப்ளமோ முடித்து நாளை நாம் டூல் பேக்குடன் ஒரு வீட்டுக்குப் போவோம். "ஸ்பேர் கிடைக்கல, இப்போதைக்கு டைரக்ட் குடுத்துட்டுப் போப்பா" என்று கேட்பார்கள். முடியாது என்று சொல்லுங்கள். கீசரைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். இரண்டு நாள் விறகடுப்பில் தண்ணீர் காய்ச்சிக்கொள்ளட்டும். விடியற்காலையில் அந்தக் குழாயைத் திறந்து முதலில் கை வைத்துப் பார்ப்பது யாரோ ஒருவருடைய அம்மாவாகத்தான் இருக்கும்.