மேகத்தினுள் வழிகாட்டும் ஆறு கருவிகள்

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு

விஞ்ஞானம் மனிதனுக்கு அளித்த விந்தைகளுள் ஹெலிகாப்டரும் ஒன்று. விமானத்தைப் போல அதற்கு நீண்ட ஓடுபாதை வேண்டியதில்லை. சிறிய திடல் ஒன்று கிடைத்தால் போதும். நேராக மேலே எழும்பும், நேராகக் கீழே இறங்கும். தட்டாரப்பூச்சியைப் போல அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கும். வெள்ளம் சூழ்ந்த வீட்டின் கூரையிலிருந்து மக்களைத் தூக்கிச் செல்வதும், மலையுச்சியில் நோயுற்றுக் கிடப்பவரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதும் அதுவே.

இத்தகைய ஹெலிகாப்டருக்கும் ஒரு பகை உண்டு. பஞ்சைப் போல மென்மையாகத் தோன்றும் மேகமே அது! மேகம் ஹெலிகாப்டரை முட்டி உடைப்பதில்லை. விமானியின் கண்ணை மறைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் கண் மறைந்த மறுகணமே நம் உடல் நம்மிடம் பொய் சொல்லத் தொடங்குகிறது. அந்தப் பொய்யை வெல்வதற்காக மாணவ விமானிகள் கற்கும் கலையே ‘கருவி பார்த்துப் பறத்தல்’ ஆகும். அதைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

இரண்டு துயர நிகழ்ச்சிகள்

2021-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாளைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க முடியாது. கோவையை அடுத்த சூலூரிலிருந்து நீலகிரியில் உள்ள வெலிங்டனுக்குப் புறப்பட்ட விமானப்படையின் எம்.ஐ.17 வி.5 ஹெலிகாப்டர் குன்னூருக்கு அருகே விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உட்பட அதில் சென்ற 14 பேரும் உயிர் இழந்தனர். அவர்களுள் ஒருவர் ஒரு வாரம் மருத்துவமனையில் போராடிப் பின்னர் மறைந்தார். 2022 ஜனவரியில் வெளியான முப்படை விசாரணையின் முதற்கட்ட முடிவு, இயந்திரக் கோளாறோ நாசவேலையோ காரணம் அன்று என்று கூறியது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது என்றும், விமானிக்குத் திசையும் நிலையும் பற்றிய உணர்வு தடுமாறியது என்றும், அதனால் ஹெலிகாப்டர் நிலத்தில் மோதியது என்றும் அது தெரிவித்தது.

அதற்கு முன்னர், 2020 ஜனவரி 26 அன்று, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கலபாசஸ் என்னும் ஊருக்கு அருகில் மற்றொரு ஹெலிகாப்டர் குன்றில் மோதியது. கூடைப்பந்து வீரர் கோபி பிரயண்டும் அவருடன் சென்ற எட்டுப் பேரும் மாண்டனர். அவர்களுள் மூவர் கூடைப்பந்து விளையாடச் சென்ற சிறுமிகள். நம்மைவிட ஓரிரு வயதே இளையவர்கள். ஹெலிகாப்டர் பழுதுபட்டிருக்கவில்லை. ‘4,000 அடிக்கு ஏறுகிறேன்’ என்று விமானி தரைக் கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் சொன்னபோது, ஹெலிகாப்டர் உண்மையில் இடப்புறம் திரும்பியவாறு கீழே இறங்கிக்கொண்டிருந்தது! ஏறுவதாகவே அவர் உடல் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அனுபவம் மிக்க ஒருவருக்கே இப்படி நேருமா என்று நாம் வியக்கலாம். நேரும். காரணத்தை அறிய வானத்துக்குப் போக வேண்டாம்; நம் காதுக்குள் பார்த்தாலே போதும்.

காதுக்குள் ஒரு துலாக்கோல்

நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உள்ளன என்று உயிரியல் பாடத்தில் படிக்கிறோம். அவற்றுள் திரவம் நிரம்பியிருக்கிறது. தலை திரும்பும்போது கால்வாயும் உடன் திரும்புகிறது. திரவமோ சற்றுப் பின்தங்குகிறது. அந்த வேறுபாட்டை நுண்ணிய மயிர்கள் உணர்ந்து மூளைக்குச் சொல்கின்றன. அதனால்தான் கண்ணை மூடியிருந்தாலும் நாம் திரும்புவதை அறிகிறோம்.

ஆனால் ஒரே வேகத்தில் தொடர்ந்து சுற்றினால் என்ன ஆகும்? சில வினாடிகளில் திரவமும் கால்வாயின் வேகத்தை எட்டிவிடும். வேறுபாடு மறைந்துவிடும். ‘நீ சுற்றவில்லை’ என்று மூளைக்குச் செய்தி போகும். சுற்றுவதை நிறுத்தியதும் திரவம் மட்டும் தொடர்ந்து ஓடும். உடனே எதிர்ப்பக்கமாகச் சுற்றுவதுபோல் தோன்றும். சிறு வயதில் தோழியின் கைகளைப் பற்றித் தட்டாமாலை சுற்றி நின்றதும் உலகமே சுழன்றதை நினைத்துப் பாருங்கள். அப்போது நம்மைக் காப்பாற்றியது எது? கண்! மரமும் சுவரும் அசையவில்லை என்பதைக் கண் பார்த்துச் சொன்னதால் சிறிது நேரத்தில் தெளிந்தோம்.

மேகத்துக்குள் மரமும் இல்லை, சுவரும் இல்லை. மிக மெதுவாக ஹெலிகாப்டர் ஒரு பக்கம் சாய்ந்தால் காது அதை உணர்வதே இல்லை. திடீரென்று வேகம் கூடினாலோ வேறொரு மயக்கம். பேருந்து விரைந்து கிளம்பும்போது நம் முதுகு இருக்கையில் அழுந்துகிறது அல்லவா? சாலையைப் பார்ப்பதால் பேருந்து முன்னோக்கி ஓடுகிறது என்று தெரிந்துகொள்கிறோம். மேகத்தினுள் அதே அழுத்தத்தை உடல் ‘மூக்கு மேல்நோக்கி எழுகிறது’ என்று தவறாகக் கொள்ளும். கீழே பாய்பவர், தாம் ஏறுவதாக நம்பிவிடுவார்.

1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. கருவிப் பயிற்சி பெறாத 20 பேரை விமானம் ஓட்டச் செய்து, வெளிக்காட்சி தெரியாதவாறு மறைத்தனர். பயிற்சியாளர் உடன் இருந்ததால் யாருக்கும் தீங்கு நேரவில்லை. ஆயினும் 20 பேரும் விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு ஆன சராசரி நேரம் 178 வினாடிகள். மூன்று நிமிடம்கூட முழுதாக இல்லை! திறமைக் குறைவு இதற்குக் காரணம் அன்று. தரையில் நடப்பதற்காக அமைந்த காது, வானத்துக்குப் போதவில்லை, அவ்வளவே.

மூடிய கூண்டுக்குள் ஒரு வீரர்

கண்ணும் காதும் கைவிட்டால் எதை நம்புவது? இவ்வினாவுக்கு 1929 செப்டம்பர் 24 அன்று விடை கிடைத்தது. நியூயார்க்கை அடுத்த மிட்சல் திடலில் ஜேம்ஸ் டூலிட்டில் என்னும் விமானி தம் இருக்கையை முற்றிலும் மூடிக்கொண்டு, கருவிகளை மட்டுமே பார்த்து மேலே எழும்பி, வட்டமிட்டு, மீண்டும் தரை இறங்கினார். அவசரத்துக்கு உதவ வேறொரு விமானி முன் இருக்கையில் இருந்தார். ஆனால் அவர் உதவி தேவைப்படவில்லை. அன்று அவருக்கு வழிகாட்டிய கருவிகளின் வழித்தோன்றல்களே இன்றைய ஹெலிகாப்டர்களிலும் உள்ளன.

ஆறு கருவிகள்

விமானியின் எதிரே கடிகார முகங்களைப் போல ஆறு வட்டங்கள் இருக்கும். புதிய ஹெலிகாப்டர்கள் பலவற்றில் இவை ஒரே திரையில் ஒளிர்கின்றன. சொல்லும் செய்தி ஒன்றே.

முதலாவது செயற்கைத் தொடுவானம். மேல்பாதி நீலம், அது வானம். கீழ்பாதி பழுப்பு, அது பூமி. நடுவே ஹெலிகாப்டரைக் குறிக்கும் சிறு கோடு. இதன் உள்ளே கைரோஸ்கோப் என்னும் சக்கரம் அதிவேகமாகச் சுழல்கிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, ஹெலிகாப்டர் எப்படிச் சாய்ந்தாலும் இச்சக்கரம் தன் நிலையை விடுவதில்லை. மறைந்துபோன தொடுவானத்தை விமானியின் மடியருகே கொண்டுவந்து வைப்பது இதுவே.

இரண்டாவது உயரமானி. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. தாழ்ந்த உயரங்களில் ஏறத்தாழ 30 அடிக்கு ஒரு ஹெக்டாபாஸ்கல் வீதம் குறையும். அனிராய்டு பாரமானியில் உள்ளதுபோன்ற காற்று நீக்கிய உலோகப் பெட்டி அதற்கேற்ப விரிந்து முள்ளை நகர்த்தும். அந்த வட்டாரத்தின் அன்றைய காற்றழுத்தத்தைக் கேட்டு இதில் பொருத்த வேண்டும். 10 ஹெக்டாபாஸ்கல் தவறினால் சுமார் 300 அடி தவறும். மலை நாட்டில் 300 அடி என்பது உயிருக்கும் சாவுக்கும் உள்ள தூரம்.

மூன்றாவது வேகமானி. எதிர்க்காற்றை ஏற்கும் பிட்டோ குழாயின் உதவியால் இயங்குவது. இக்குழாயை 1732-இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி பிட்டோ உருவாக்கியது விமானத்துக்காக அன்று. ஆற்று நீரின் வேகத்தை அளக்கவே!

நான்காவது, ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் மானி. இது சில வினாடி தாமதித்தே சரியான அளவைச் சொல்லும். ஐந்தாவது திசையைக் காட்டுவது. இதுவும் கைரோஸ்கோப்பால் இயங்குவதால் நாளடைவில் அல்ல, நிமிடக் கணக்கிலேயே சற்று விலகும். ஏறத்தாழ 15 நிமிடத்துக்கு ஒரு முறை காந்தத் திசைகாட்டியோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ஆறாவது திருப்பமானி. வினாடிக்கு 3 பாகை வீதம் திரும்பினால் இரண்டு நிமிடத்தில் ஒரு முழு வட்டம். இதுவே கருவிப் பறத்தலில் வழக்கமான திருப்பமாகும்.

ஹெலிகாப்டருக்கு ஏன் தனிக் கவனம்?

கிண்ணத்தின் உள்ளே ஒரு கோலிக்குண்டைப் போட்டால் அது ஆடி ஆடி அடியில் வந்து நிற்கும். விமானம் அத்தகையது. கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் முதுகில் கோலியை வைத்தால் நிற்குமா? ஹெலிகாப்டர் இத்தகையது. தானியங்கிக் கருவி இல்லாத ஹெலிகாப்டரை விமானி நொடிதோறும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இடக்கையால் ஏற்ற இறக்கம், வலக்கையால் சாய்வு, இரு கால்களால் மூக்கின் திசை. இடக்கைப் பிடியை உயர்த்தினால் மூக்கு ஒரு பக்கம் திரும்பும். உடனே கால் ஈடுசெய்ய வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றவை யாவும் அசையும்.

இன்னொன்றும் உண்டு. மிகக் குறைந்த வேகத்தில் மேலே சுழலும் இறக்கைகள் கீழே தள்ளும் காற்று பிட்டோ குழாயைக் குழப்பிவிடும். வேகமானியை நம்ப இயலாது. ஆகவே கருவி பார்த்துப் பறக்கும்போது ஒரு குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே செல்லக் கூடாது. அந்தரத்தில் நிற்பதே ஹெலிகாப்டரின் பெருமை; மேகத்துக்குள் அந்தப் பெருமையைப் பாராட்ட முடியாது!

மாணவ விமானியின் மூன்று பாடங்கள்

அமெரிக்காவில் ஹெலிகாப்டருக்கான கருவிப் பறத்தல் தகுதி பெறக் குறைந்தது 40 மணி நேரக் கருவிப் பயிற்சி வேண்டும். அதில் 15 மணி நேரமாவது ஆசிரியருடன் பயில வேண்டும். மேகமில்லாத நாளிலேயே, வெளியே தெரியாதபடி நெற்றியில் ஒரு மறைப்பை அணிவித்துப் பழக்குவார்கள்.

முதற்பாடம், கருவிகளை மாறி மாறிப் பார்ப்பது. தொடுவானத்தில் தொடங்கி, உயரம் பார்த்து, தொடுவானத்துக்குத் திரும்பி, திசை பார்த்து, மீண்டும் தொடுவானம் என்று கண் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்றையே முறைத்துப் பார்ப்பது பெருந்தவறு. பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றால் பக்கத்து அடுப்பில் குழம்பு தீய்ந்துவிடும். நம் அம்மா எவ்வாறு எல்லா அடுப்பையும் ஒரு கண்ணோட்டத்தில் வைத்திருக்கிறாரோ, அவ்வாறே விமானியும்.

இரண்டாம் பாடம், பார்த்ததன் பொருளை உணர்வது. கருவியும் பழுதாகக் கூடும். தொடுவானம் ‘நேராகப் பறக்கிறாய்’ என்று சொல்ல, திசைகாட்டியும் திருப்பமானியும் ‘திரும்புகிறாய்’ என்று சொன்னால், எது தனித்து நிற்கிறதோ அதையே முதலில் ஐயுற வேண்டும். மூன்றாம் பாடம், சிறிதாகத் திருத்துவது. பதறி இழுப்பது ஒரு தவற்றை இரண்டாக்கும்.

எதிர்பாராமல் மேகத்தில் சிக்கினால் நான்கு செயல்களை வரிசையாகச் செய்யக் கற்பிக்கிறார்கள். முதலில் ஹெலிகாப்டரைச் சமநிலைப்படுத்து. அடுத்து, மலைகளுக்கு மேல் செல்லும்படி உயரே ஏறு. பின்னர், தடையில்லாத திசையில் செல். கடைசியாக, வானொலியில் உதவி கேள். உதவி கேட்பது கடைசியில் இருப்பது விந்தையாகத் தோன்றலாம். கை சரியாக இருந்தால்தான் வாய் பேசிப் பயன் உண்டு.

இவை அனைத்தையும்விடச் சிறந்த பாடம் ஒன்று உண்டு. மேகம் தாழ்ந்து வருவதைக் கண்டதுமே திரும்பிவிடுவது, அல்லது திடல் ஒன்றைப் பார்த்து இறங்கிவிடுவது. வேறெந்த வானூர்திக்கும் எளிதில் கிட்டாத இந்தச் சலுகை ஹெலிகாப்டருக்கு உண்டு. ‘பெரிய மனிதர் காத்திருக்கிறாரே, தாமதமாகிவிடுமே’ என்னும் தயக்கமே அதைத் தடுக்கிறது. பயணியாகச் செல்வோரும் இதை அறிந்திருத்தல் நலம். ‘இன்று வேண்டாம்’ என்று ஒரு விமானி சொன்னால் அவரை வற்புறுத்தக் கூடாது.

2019 மே மாதத்தில், விமானப்படையின் எம்.ஐ.17 வி.5 ஹெலிகாப்டர் ஒன்றைப் பாருல் பரத்வாஜ் தலைமையில் பெண்கள் மட்டுமே அடங்கிய குழு இயக்கியது. நாளை நம் பள்ளியிலிருந்தும் ஒருத்தி அந்த இருக்கையில் அமரலாம். அவள் கற்க வேண்டிய முதற்பாடம் துணிவு என்று பலர் எண்ணுவர். துணிவும் வேண்டும்தான். ஆனால் ‘எனக்கு அப்படித் தோன்றுகிறது’ என்பதை ஒதுக்கி வைத்து, ‘உண்மை என்ன’ என்று ஆறு முகங்களிடமும் கேட்டறியும் அடக்கமே, மேகத்துக்குள் புகுந்தவர்களை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது.