பயிரின் பசியும் பிணியும்



நமக்கு உடல்நலம் குன்றினால் மருத்துவரிடம் செல்கிறோம். எங்கே வலிக்கிறது, எப்பொழுது தொடங்கியது என்று அவர் கேட்கிறார். நாம் விடை கூறுகிறோம். பயிருக்கு வாய் இல்லை. ஆயினும் அது தன் குறையைச் சொல்லாமல் இருப்பதில்லை. இலையின் நிறத்தாலும், புள்ளியின் வடிவாலும், குருத்தின் வாட்டத்தாலும் சொல்கிறது. அம்மொழியைப் படிப்பது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

செடிகொடிகளுக்கு நேரும் துன்பங்களை இரு பெரும் பிரிவாகக் கொள்ளலாம். ஒன்று பசி; மற்றொன்று பிணி. மண்ணில் ஒரு சத்துக் குறைந்தாலும், இருந்தும் வேரால் அதனை எடுக்க இயலாமற் போனாலும் உண்டாவது பசி. பூசணம், பாக்டீரியா, வைரசு ஆகிய நுண்ணுயிர்கள் உட்புகுந்து வாட்டுவது பிணி. இரண்டிலும் இலை மஞ்சளாகலாம். இரண்டிலும் பயிர் குன்றலாம். எனவே பசிக்கு மருந்து தெளிப்பாரும், பிணிக்கு எருவிடுவாரும் உளர். முன்னவருக்குக் காசு வீண்; பின்னவருக்குச் சில வேளை விளைச்சலே வீண்.

பசியை அறிய ஓர் எளிய கேள்வி உண்டு. மஞ்சள் நிறம் முதலில் தோன்றியது கிழட்டு இலையிலா, இளங்குருத்திலா? தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம்பெயர வல்லவை. பற்றாக்குறை நேர்ந்தால் செடி தன் முதிய இலைகளிலிருந்து இவற்றை எடுத்து இளந்தளிருக்கு அனுப்புகிறது. பெற்றோர் தாம் உண்ணாமல் குழந்தைக்கு ஊட்டுவது போல. ஆகவே இக்குறைகள் அடியிலையில்தான் முதலில் தெரியும். தழைச்சத்துக் குறைந்தால் அடியிலை நுனியிலிருந்து சீராக வெளுக்கும். சாம்பல் சத்துக் குறைந்தால் அடியிலையின் ஓரம் தீய்ந்தாற்போல் கருகும். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் அவ்வாறு எளிதில் நகர்வன அல்ல. அவை குறைந்தால் துன்பம் குருத்தில் தொடங்கும்.

நான் வசிக்கும் கருவடிக்குப்பத்தில் இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பாரதியாரின் பெயரோடு சேர்த்து வழங்கும் குயில் தோப்பு அமைந்த இவ்வூர், இன்று புதுவை நகரோடு ஒன்றிய குடியிருப்புப் பகுதி. வீட்டுச் சுவரை ஒட்டிய செம்பருத்தியைப் பாருங்கள். கட்டடக் காரையும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் அது நின்றால், இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருக்கக் காணலாம். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு மிகுந்து மண் களர்த்தன்மை அடைந்ததால் இரும்பு கரையாமல் நிற்கிறது. இதற்குப் பூசணக் கொல்லியால் பயன் யாதும் இல்லை. இரும்பு சல்பேட்டை நீரில் கரைத்து இலையில் தெளித்தால் பச்சை மீளும்.

இனி அதே தோட்டத்து வெண்டைச் செடியைப் பாருங்கள். நரம்புகள் வலைபோல் மஞ்சளாகி, இடைப்பகுதி பச்சையாக இருந்தால் அது பசி அன்று. மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வைரசினால் வருவது, வெள்ளை ஈயால் பரவுவது. முற்றிய நிலையில் இலை முழுதும் மஞ்சளாகிவிடும் ஆதலால் தொடக்கத்திலேயே பார்த்தல் வேண்டும். நரம்பு பச்சையா, மஞ்சளா என்ற ஒரு வேறுபாடு இரு வேறு துன்பங்களைப் பிரித்துக் காட்டிவிடுகிறது.

பசியைப் பிணி என்று கருதியதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்றும் உண்டு. இமயமலை அடிவாரத்துப் பந்த்நகர்ப் பகுதியில், நட்ட சில வாரங்களில் நெற்பயிரின் இலைகள் துருப்பிடித்தாற்போல் பழுப்பேறி, பயிர் கட்டையாக நின்றுவிடும். கைரா நோய் என்று அதனை அழைத்தனர். அது நுண்ணுயிரால் வருவதன்று, துத்தநாகப் பற்றாக்குறையே என 1966 ஆம் ஆண்டில் ஒய். எல். நேனே என்னும் பயிர்நோய் அறிஞர் வெளிப்படுத்தினார். நம் நெல் வயல்களில் இன்று ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டு இடுமாறு பரிந்துரைப்பது இக்குறையைப் போக்கவே.

நெல்லின் பிணிகளுள் கொடியது குலை நோய். 1919 ஆம் ஆண்டில் தஞ்சைக் கழனிகளில் இது பேரழிவு விளைத்தது. பனி படிந்த இரவும், மேகமூட்டமும், குளிர்ச்சியும் கூடும் ஐப்பசி முதல் தை வரை இதன் காலம். இலையில் இரு முனையும் கூர்மையாய், நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் கொண்ட கண் வடிவப் புள்ளிகள் தோன்றும். நோய் கதிரின் கழுத்தில் ஏறினால் பால் பிடியாமல் கதிர் வெளுத்துச் சாயும்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு வித்துத்துகள் உறுதியான நெல்லிலையை எவ்வாறு துளைக்கிறது? காற்றில் வந்த துகள் ஈர இலையில் ஒட்டி முளைவிடுகிறது. முளையின் நுனி ஒரு சிறு குமிழாகப் பருத்து, தன்னைச் சுற்றிக் கருநிறமியால் ஒரு சுவர் எழுப்புகிறது. உள்ளே கிளிசரால் சேர்கிறது. நீர் உட்புகுந்து அழுத்தம் ஏறுகிறது. அவ்வழுத்தம் காற்றுமண்டல அழுத்தத்தைப் போல் 80 மடங்கு வரை உயர்வதாக 1991 இல் அளந்து கூறினர். மகிழுந்துச் சக்கரத்தில் அடைக்கும் காற்றைவிட அது ஏறத்தாழ 40 மடங்கு மிகுதி! அவ்விசையால் நுண்ணிய ஆணியொன்று இலைக்குள் இறங்குகிறது. கருநிறமி உருவாகாமல் தடுத்தால் அழுத்தம் தங்காது. குலை நோய்க்குரிய சில மருந்துகள் அவ்வாறே வேலை செய்கின்றன.

குலை நோயைப் பற்றி மறவாமல் நினைவிற் கொள்ள வேண்டியது ஒன்று. தழைச்சத்தை மிகையாக இட்டால் இலை மென்மையாகிப் பயிர் நெருங்கி வளர்ந்து, நோய்க்கு வாயில் திறந்துவிடும். நான் பாகூர்க் கொம்யூனில் ஒரு பள்ளியில் பணியாற்றியபோது, கார்த்திகை மாதத்தில் மாணவன் ஒருவன் தன் வயலின் நெல்லிலையோடு வந்தான். "ஐயா, பயிர் காய்ந்து வருகிறது. அப்பா கடன் வாங்கியாவது நாளைக்கு யூரியா போடப் போகிறார்" என்றான். வகுப்பில் உருப்பெருக்கி ஆடியால் இலையைப் பார்த்தோம். கண் வடிவப் புள்ளிகள் தெளிவாக இருந்தன. "யூரியாவை நிறுத்தச் சொல்; இந்த இலையோடு அப்பாவை வேளாண்மை அலுவலரிடம் போகச் சொல்" என்றேன். அவர் போனார். சில பாத்திகளில் கதிர் பதராயிற்று. எஞ்சிய வயல் நெல் தந்தது. அக்குடும்பத்தின் ஓராண்டு உணவை ஓர் இலைப் புள்ளியின் வடிவம் காத்தது எனலாம்.

இதற்கு நேர்மாறானது நெல்லின் செம்புள்ளி நோய். சத்தற்ற, வறண்ட மண்ணில் நிற்கும் பயிரையே இது பெரிதும் பற்றும். 1942 இல் வங்காளத்து நெற்பயிரை இந்நோய் கடுமையாகத் தாக்கியது. அதுவே 1943 ஆம் ஆண்டின் பஞ்சத்துக்கு முக்கியக் காரணம் என்று எஸ். ஒய். பத்மநாபன் 1973 இல் எழுதினார். போர்க்கால விலையேற்றத்தையும் ஆட்சியின் தவறுகளையுமே பெருங்காரணமாகக் காட்டுவர் அமார்த்திய சென் முதலிய அறிஞர்கள். எவ்வாறாயினும், பசித்த பயிரை ஒரு பிணியும், மிதமிஞ்சி ஊட்டிய பயிரை மற்றொரு பிணியும் தேடி வருகின்றன. அளவு மிகுதலும் குறைதலும் நோய்க்கே வழி என மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் உடலுக்குச் சொன்ன அறிவுரை பயிருக்கும் பொருந்தக் காண்கிறோம்.

பயிர் என்ன, கையைக் கட்டிக்கொண்டு அடிபடுகிறதா? இல்லை. இலைமேல் மெழுகுப் பூச்சு அதன் முதல் மதில். நெல் மண்ணிலிருந்து சிலிக்காவை எடுத்துத் தன் தோலை உறுதி செய்துகொள்கிறது. மதிலைக் கடந்து பகைவன் உட்புகுந்தால், தாக்குண்ட உயிரணுவும் அதன் அண்டை அணுக்களும் தாமே மடிந்துவிடுவது உண்டு. உயிருள்ள அணுவில் மட்டுமே வாழவல்ல பகைவன் அங்கே உணவின்றி அடங்குகிறான். ஊரைக் காக்க ஒரு தெருவை இழப்பது போன்றது இது.

அதன்பின் எச்சரிக்கையும் செல்கிறது. புகையிலைச் செடியின் ஓர் இலையில் வைரசு தாக்கினால், தாக்கப்படாத பிற இலைகளும் எதிர்ப்பு ஆற்றல் பெறுகின்றன என்று 1961 இல் ஏ. எஃப். ராஸ் காட்டினார். 1979 இல் ஆர். எஃப். ஒயிட் என்பவர் புகையிலைக்கு ஆஸ்பிரின் கரைசலைக் கொடுத்து அதே ஆற்றலை எழுப்பினார். ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவான சாலிசிலிக் அமிலமே செடியின் இத்தற்காப்பில் பெரும்பங்கு கொள்வது எனப் பின்னர்த் தெளிந்தது. எதிர்ப்பு ஆற்றல் பரம்பரையாகவும் வருவது. கோயமுத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தார், குலை நோயைத் தாங்கும் கோ 4 என்னும் நெல்லை ஆடுதுறை 10 உடன் கலந்து கோ 25 என்னும் இரகத்தைப் படைத்தது இவ்வுண்மையைப் பயன்கொண்டே. ஆயினும் பூசணமும் மாறுகிறது. ஆகவே புதிய இரகம் தேடும் பணி ஓய்வதில்லை.

பயிரின் காவல் போதாதபோது மனிதன் துணை செய்கிறான். பிரான்சில் போர்டோ நகரத்துப் பேராசிரியர் மில்லார்டே, வழிப்போக்கர் பறிக்காதிருக்கச் சாலையோரத் திராட்சையில் மயில் துத்தமும் சுண்ணாம்பும் தெளித்திருந்ததையும், அக்கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லாததையும் 1882 இல் கண்டார். ஆராய்ந்து 1885 இல் வெளியிட்டார். அதுவே போர்டோக் கலவை. ஒரு கிலோ மயில் துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர் என்பது அதன் அளவு. தீட்டிய இரும்புக் கத்தியை அதில் சற்று நேரம் அமிழ்த்துங்கள். செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிகுதி; இலை கருகும்; இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

மாணவர்களே, உங்கள் வீட்டருகே உள்ள ஒரு செடியை ஒரு திங்கள் கவனித்து வாருங்கள். மாற்றம் அடியிலையிலா, குருத்திலா? நரம்பிலா, இடையிலா? ஒரு செடியிலா, வரிசை முழுதிலுமா? நாள் குறித்து எழுதி வையுங்கள். ஐயமிருப்பின் அவ்விலையையும் ஒரு பிடி மண்ணையும் எடுத்துக்கொண்டு குரும்பாப்பேட்டில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரைக் கேளுங்கள். காரணம் அறியும் முன் மருந்தை எடுக்க வேண்டாம். உழவனுடைய காசும், மண்ணின் நலமும், நம் தட்டில் விழும் சோறும் அந்தப் பொறுமையைச் சார்ந்தே இருக்கின்றன.