சுவருக்கு ஒரு நேரம்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் விமானத்தை அண்ணாந்து படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கீழே, அதிட்டானம் என்னும் அடித்தளத்தைச் சுற்றி, முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் வரிவரியாக ஓடுகின்றன. கைப்பேசியில் எடுத்தால் பல சமயம் வெறும் கல்தான் விழுகிறது. எழுத்து இருக்கிறது, நிழல்தான் இல்லை.

கல்வெட்டில் பள்ளமும் மேடும் ஒரே நிறம். விளிம்பின் நிழல் விழுந்தால்தான் கண்ணுக்கு எழுத்து. 3 மி.மீ. ஆழப் பள்ளத்தின் மேல் 60 பாகைச் சாய்வில் ஒளி விழுந்தால் நிழல் 2 மி.மீ.கூட வராது. 10 பாகையில் கல்லை உரசிக்கொண்டு வந்தால் 17 மி.மீ. வரை நீளும். பள்ளம் அவ்வளவு அகலம் இருக்காது என்பதால் முழுப் பள்ளமும் இருண்டு, மையால் எழுதியதுபோல் எழுத்து எழும்பி நிற்கும்.

காலையிலும் மாலையிலும் படமெடுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். தரையில் கிடக்கும் கல்லுக்கு அது சரி. கிழக்குச் சுவருக்குச் சரிவராது, காலை வெயில் அதன் முகத்தில் நேராக அடிக்கும். சூரியன் உச்சிக்கு ஏற ஏறத்தான் ஒளி சுவரை ஒட்டி வழுக்கி இறங்கும். மேற்குச் சுவருக்கு உச்சி சாய்ந்தவுடன். வடக்குச் சுவர்தான் வேடிக்கை. டிசம்பரில் அதன்மேல் வெயிலே படாது. ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்டு பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் தஞ்சைக்கு வடக்கே நகர்ந்துவிடுகிறது. ஜூன் 21 வாக்கில் அச்சுவரை ஏறக்குறைய 12½ பாகையில் உரசுகிறது. மேலே துருத்தும் கல் மறைக்காத இடமெல்லாம் பளிச்சென்று வாசிக்கலாம். வெறுங்காலோடு அந்நேரம் அங்கே நிற்பது தனிச் சோதனை.

உச்சி வெயிலுக்கும் ஒரு குறை உண்டு. கிடைக்கோடுகளுக்கு நல்ல நிழல், செங்குத்துக் கோடுகளுக்கு மிகக் குறைவு. கைப்பேசி ஃபிளாஷ் இன்னும் மோசம்: விளக்கு லென்சின் பக்கத்திலேயே இருப்பதால், விழுகிற நிழல் லென்சின் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும். நிழலான இடத்தில், கூட வந்தவரின் கைப்பேசி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள்.

இதையே முறையாகச் செய்தால் ஒரு தொழில்நுட்பம். கேமராவை அசைக்காமல், விளக்கை மட்டும் பல திசைகளில் நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கணினியில் இணைத்து, வேண்டிய திசையிலிருந்து ஒளி பாய்ச்சிப் பார்க்கும் முறையை 2001இல் ஹியூலெட்-பேக்கார்டு ஆய்வுக்கூடத்தில் டாம் மால்ஸ்பெண்டரும் கூட்டாளிகளும் வெளியிட்டார்கள். ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள, ஆன்டிகிதெரா இயந்திரம் என்னும் பண்டைக் கிரேக்கக் கருவியின் அரித்துப்போன எழுத்துகளை ஆராய 2005இல் அது கைகொடுத்தது.

டார்ச்சைக் கீழிருந்து மட்டும் பிடிக்க வேண்டாம். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்றே மூளை பழகியிருக்கிறது. கீழிருந்து வந்தால் வெட்டிய எழுத்தெல்லாம் புடைத்துத் தெரியும். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் மறுபடி பள்ளத்தில் இறங்கிவிடும், வாசிக்கத்தான் முடியாது.