எழுமுன் சற்றே அமர்தல்

கீழக்கரையில் அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்கான பாங்கு ஒலித்து ஓய்ந்த ஒரு மாலையில், நண்பரொருவரோடு பள்ளிவாசலுக்குச் சென்றிருந்தபோது, எண்பதை எட்டிய பெரியவர் ஒருவர் நின்றபடியே, தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளுச் செய்வதைக் கண்டேன். கழுவுவதற்காக வலக் காலை அவர் உயர்த்திய கணத்தில், தேகத்தின் பாரம் முழுவதும் இடக் காலில் இறங்கியதும், அப்பாதத்தின் விரல்கள் ஈரக் கல்லை மெல்லக் கவ்வியதும், இடுப்பு நூலளவு நகர்ந்து அப்பாரத்தை ஏற்றுக்கொண்டதும் பார்க்கப் பார்க்க வியப்பாயிருந்தது. அவரினும் பத்து வயதேனும் இளையவராகத் தோன்றிய இன்னொருவரோ, அதே காரியத்தைத் தூணைப் பற்றிக்கொண்டு செய்தார். மனிதனைச் சாய்ப்பது வயது ஒன்றுதானா என்ற ஐயம் எனக்கு அங்கேதான் பிறந்தது.

அசையாமல் நிற்பதாக நாம் எண்ணும் வேளையிலும் உடல் இம்மி இம்மியாகச் சாய்ந்தும் நிமிர்ந்தும் கொண்டிருக்கிறது. அந்தச் சாய்வை மூளைக்கு அறிவிக்கும் தூதர் மூவர்: கண் ஒன்று, உட்செவியிலுள்ள, திரவம் நிறைந்த அரைவட்டக் குழல்களும் அவற்றை அடுத்துச் சுண்ணத் துகள்கள் பொதிந்த பைகளும் இரண்டாவது, தசையிலும் மூட்டிலும் பாதத்தின் தோலிலும் பரவிக் கிடக்கும் உணர்நரம்புகள் மூன்றாவது. தசையும் மூட்டும் தரும் அந்த உணர்வுக்கு ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் 1906-இல் ‘புரோப்ரியோசெப்ஷன்’ என்று நாமகரணம் செய்தார்; தன்னுடல் உணர்வு என்று நாம் சொல்லலாம்.

பெயர் அறியாமலே அதை ஆண்டவர்கள் இக்கரையின் கடலோடிகள். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள், கயிற்றில் கட்டிய கல்லின்மேல் பாதத்தை ஊன்றி ஆழத்துக்கு இறங்கியபோது, கலங்கிய நீரில் கண் கைவிட்டாலும் மேல் எது கீழ் எது என்பதைச் செவியும் தேகமும் சொல்லிக்கொண்டிருந்தன. வள்ளத்தில் நின்று வலை இழுப்பவன் முழங்காலைச் சற்றே தளர்த்தி வைத்திருப்பதும் இந்த ஞானத்தினால்தான். விறைத்து நிற்பவனைத்தான் அலை முதலில் தள்ளும்.

வயோதிகத்தில் இந்தத் தூதர் மூவரும் மந்தமடைகின்றனர். நெடுநாள் நீரிழிவு உள்ளவருக்குப் பாதமே மரத்துப்போகக் கூடும். ஒருமுறை இடறியவர், மறுமுறையும் இடறுவோமோ என்ற அச்சத்தால் கூன் விழுந்து, தரையையே நோக்கித் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார். அவ்விதம் குனிவதால் தலையின் பாரம் முன்னே சரிய, எதற்கு அஞ்சினாரோ அதுவே நேர்கிறது. ஆண்டுதோறும் உலகில் ஏறக்குறைய 6,84,000 பேர் விழுந்ததனால் மடிகின்றனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்க இயலாதவர் ஐவரில் ஒருவர். பின்வந்த ஆண்டுகளில் மரணமும் அவர்களிடையேதான் மிகுந்திருந்தது.

இனி அந்தப் பெரியவரிடம் திரும்புவோம். ஐவேளைக் கடமையான தொழுகையில் நாளொன்றுக்கு ரக்அத்து எனப்படும் சுற்றுகள் 17. ரக்அத்துக்கு இரண்டாக, சிரம் தரையில் பணியும் சுஜூதுகள் 34. நெற்றி, இரு கைகள், இரு முழங்கால்கள், இரு பாதங்களின் விரல்கள் என ஏழு அவயவங்கள் தரையைத் தொட்டு மீள்கின்றன. வழிபாட்டைத் தேகாப்பியாசமாகக் குறுக்குவது அபசாரம். ஆயினும், ஒவ்வொரு நிலையிலும் உடல் அமைதியுறும் வரை தாமதிக்க வேண்டும் என்ற விதியில், உடலின்மீது வைக்கும் கவனம் ஒன்று பொதிந்திருப்பதை மறுக்க இயலாது. இவ்வூரார் பின்பற்றும் ஷாஃபி என்னும் சட்ட வழியில், இரண்டாம் சுஜூதிலிருந்து அடுத்த ரக்அத்துக்கு எழுமுன் ஒரு கணம் அமர்ந்து, உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றி எழுவது சுன்னத்து, அதாவது நபிவழி. சடுதியில் எழும் முதியோருக்கு ரத்த அழுத்தம் தாழ்ந்து தலை கிறுகிறுக்கும் என்பதால், படுக்கையில் சற்றே உட்கார்ந்து பிறகு எழுங்கள் என்றுதான் வைத்தியர்களும் சொல்கிறார்கள். தரையில் தொழ முடியாதவர்க்கு நாற்காலி அனுமதிக்கப்பட்டதே. முடிந்தவரும் தரையை மறந்துவிட்டால், தரையிலிருந்து எழும் வித்தையைக் கால்களும் மறந்துவிடும்.

உடலின்மீது வைக்கும் இந்தக் கவனத்தை எம்மதத்தினரும் வீட்டிலேயே பயிலலாம். குதிகால், முதுகு, தலை மூன்றும் சுவரைத் தொட நின்று, நம் கூன் எவ்வளவு என்று அறியலாம்; சமையல்மேடையைத் தொட்டபடி ஒரு காலை உயர்த்தி, பாரம் பாதத்தின் எந்தப் பகுதியில் விழுகிறது என்று கவனிக்கலாம். அடிக்கடி தலைசுற்றுவோரும் பாதம் மரத்தவர்களும் வைத்தியரைக் கேட்டுத் தொடங்குவதே விவேகம்.

தொழுகை முடிந்து பெரியவர் படியிறங்கிப் போனார். வாசலில் செருப்பை மாட்டக் காலைத் தூக்கியபோது, என்னைக் கேளாமலே என் கை சுவரைத் தேடிப் போவதைக் கண்டேன். அதை மடக்கிவிடத் துணிவில்லை. சுவருக்கு ஓர் அங்குலம் தள்ளி நிறுத்திக்கொண்டு, மற்றப் பாதத்தின் அடியில் கல் எப்படி இருக்கிறது என்று கவனித்தேன்.