வேகத்தடையில் திரும்பும் சக்கரம்

பெங்களூரு ஓசூர் சாலையில் பொம்மனஹள்ளி எந்தக் காருக்கும் கடுமையான சோதனைக்களம். மேலே, எலக்ட்ரானிக் சிட்டி வரை சுமார் 10 கிலோமீட்டர் நீளும், 2010-இல் திறக்கப்பட்ட மேம்பாலம். கீழே குழி, வேகத்தடை, நெரிசல். மேலே வேகத்தில் நேராக ஓடவும் கீழே ஊர்ந்தபடி வளையவும் ஒரே கார்தான். இதை வடிவமைப்பவர்கள் சஸ்பென்ஷனையும் ஸ்டீயரிங்கையும் தனித்தனி வேலையாகப் பிரித்துக்கொள்ளக் கூடாது. முன்சக்கரம் வேகத்தடையில் ஏறும்போது அதைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் ஒரு வளைவில் மேலெழும். ஸ்டீயரிங் ராக்கிலிருந்து வரும் டை ராடு தனக்கென இன்னொரு வளைவை வரையும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பிவிடும். ஓட்டுநரின் கை அசையாமலே கார் விலகும். ‘பம்ப் ஸ்டீயர்’ என்னும் இந்தக் குறை வர, ஸ்டீயரிங் ராக் சில மில்லிமீட்டர் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தாலே போதும்.

நம் சாலைகளுக்கு மெத்தென்ற ஸ்பிரிங் இருந்தால் போதாதா என்பார்கள். குலுக்கல் குறையும், உண்மைதான். ஆனால் ஸ்பிரிங் இளகினால் சக்கரம் இன்னும் அதிகமாக ஏறி இறங்கும். இந்தக் கோளாறும் கூடவே வளரும். பவர் ஸ்டீயரிங் கையின் பளுவைக் குறைக்குமே தவிர, வளைவுகளைப் பொருத்தாது.

இதே ஓசூர் சாலையில் பொம்மசந்திராவில் உருவாகி 2001-இல் விற்பனைக்கு வந்த ரேவா மின்கார், எட்டு ஈய-அமில பேட்டரிகளை இருக்கைக்கு அடியில் சுமந்தது. எடை தாழ்வாக இருந்தால் திருப்பத்தில் கார் சாய்வது குறையும். ஆனால் அந்த எடையைத் தாங்க ஸ்பிரிங் விறைப்பாக வேண்டும், அடிவயிறும் வேகத்தடையில் உரசக் கூடாது. இன்றைய மின்கார்களுக்கும் இதே இழுபறிதான்.