துலங்காத படச்சுருளும் விமானப் பயணமும்

திருப்பூர் வட்டாரத்தில் வாழும் நமக்குச் சோதனை என்பது அன்றாடச் சொல். நூல் வந்தால் அதன் வலிமையைச் சோதிக்கிறோம். நிட்டிங் முடிந்த துணியை விளக்கொளியில் விரித்து ஓட்டை இருக்கிறதா எனப் பார்க்கிறோம். தைத்த ஆடையைச் செக்கிங் மேசையில் புரட்டிப் பார்த்த பின்னரே பெட்டியில் அடுக்குகிறோம். சோதனையால் பொருளின் மதிப்பு உயருமேயன்றிக் குறையாது என்பது நம் தொழில் நமக்குத் தந்த பாடம். ஆனால், சோதிப்பதனாலேயே கெட்டுப்போகக்கூடிய பொருளொன்றும் உலகில் உண்டு. அதுவே உருத்துலக்கப்படாத படச்சுருள். ஸ்டுடியோக்காரர் வழக்கில் சொன்னால், கழுவாத ஃபிலிம்.

டிஜிட்டல் கேமராவும் கைப்பேசியும் பெருகிய பின்னர் ஃபிலிமின் காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர். அஃது அவ்வாறு முடிந்துவிடவில்லை. இந்நாளைய மாணவர் சிலர் தந்தையார் காலத்துக் கேமராவைத் தூசி தட்டி எடுத்து, ஃபிலிம் வாங்கிப் படம் எடுக்கின்றனர். எடுத்த உடனே படம் வெளிவரும் இன்ஸ்டாக்ஸ் வகைக் கேமராவும் அவர்தம் கைகளில் காணப்படுகிறது. தொழில் நிமித்தம் ஐரோப்பாவுக்கும், பிழைப்பு நிமித்தம் வளைகுடா நாடுகளுக்கும், கடமையை நிறைவேற்ற ஹஜ்ஜுக்கும் செல்வோர் நிறைந்த பகுதி இது. ஆகவே விமானத்தில் ஃபிலிமைக் கொண்டு செல்லும் முறையை அறிந்திருப்பது நமக்குப் பயன் தரும்.

மறைபடிமம் என்பது யாது?

ஃபிலிமின் மேல் ஜெலட்டின் என்னும் பசைப்பொருளில் வெள்ளி ஹாலைடு எனும் நுண்படிகங்கள் பரவியிருக்கின்றன. கேமராவின் கதவு ஒரு கணம் திறந்து மூடும்போது, உள்ளே நுழையும் ஒளி அப்படிகங்களைத் தாக்குகிறது. ஒளி பட்ட படிகத்தில் வெள்ளி அணுக்கள் சில ஓரிடத்தில் திரள்கின்றன. அத்திரள் கண்ணுக்குப் புலனாகாது. உருப்பெருக்கிக் கண்ணாடிக்கும் எட்டாது. எனினும், படம் அங்கே பதிந்துவிட்டது. இதனையே மறைபடிமம் என்கிறோம். பின்னர் இருட்டறையில் உருத்துலக்கும் கரைசலில் ஃபிலிமை இடும்போது, ஒளி பட்ட படிகங்கள் முழுவதும் கருவெள்ளியாக மாறுகின்றன. மறைந்திருந்த படம் துலங்குகிறது. ஒளி படாத படிகங்கள் அதன்பின் கரைத்து அகற்றப்படுகின்றன. அதன் பிறகே ஃபிலிம் ஒளிக்கு அஞ்சாத பொருளாகிறது.

எக்ஸ்-ரே எனப்படும் ஊடுகதிரும் ஒளியைப் போன்றே இப்படிகங்களைத் தாக்க வல்லது. வேறுபாடு ஒன்றுதான்: ஒளியைத் தடுக்கும் டப்பியும் தோலுறையும் பெட்டியும் ஊடுகதிரைத் தடுப்பதில்லை. சோதனைக் கருவிக்குள் சென்ற ஃபிலிமில், நாம் எடுத்த படத்தின் மேல் நாம் எடுக்காத மூட்டம் ஒன்று படர்கிறது. கருமையாக இருக்கவேண்டிய இடம் சாம்பல் நிறமாகிறது, நிறங்கள் வெளிறுகின்றன, மணல் தூவினாற்போல் பொரிப்பொரியாகத் தெரிகிறது. கதிர் கடுமையாயின் படத்தின் குறுக்கே பட்டையோ அலைக்கோடோ விழும்.

இதில் உள்ள பெரும் இடர், கேடு நேர்ந்தது அப்போது தெரியாமையே. சாயப்பட்டறை நடத்துவோர் இதனை எளிதில் உணர்வர். நிட்டிங் எந்திரத்து எண்ணெய் துணியில் பட்டிருந்தால், சாயமிடாத துணியில் அது கண்ணுக்குப் புலப்படாமலே போகலாம். சாயத்தொட்டியிலிருந்து துணி வெளிவந்த பின்னரே கறை தலைகாட்டும். ஃபிலிமின் நிலையும் அத்தகையதே. விமான நிலையத்தில் பட்ட கதிர், வாரங்கள் கழித்து உருத்துலக்கும் கரைசலில்தான் தன்னை வெளிக்காட்டும். சாயம் பிடிக்காத துணிக்கு மறுசாயம் உண்டு. மூட்டம் படர்ந்த ஃபிலிமுக்கு மறுபயணம் இல்லை.

பலமும் பலவீனமும் ஒன்றே

ஃபிலிமின் இந்தப் பலவீனம் ஒரு காலத்தில் அறிவியலுக்குக் கண் திறந்தது. 1895 நவம்பரில் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்கன் ஊடுகதிரைக் கண்டறிந்தார். அடுத்த மாதமே தம் மனைவியாரின் கையை ஒளிப்படத் தகட்டின் மேல் வைத்து, எலும்பும் மோதிரமும் தெரியப் படம் பிடித்தார். 1896-இல் பிரெஞ்சு அறிஞர் பெக்கரல், கறுப்புத் தாளில் சுற்றி மேசை அறைக்குள் வைத்த தகட்டின் மேல் யுரேனிய உப்பை வைத்திருந்தார். வெயில் படாமலே தகட்டில் கருமை படிந்தது. கதிரியக்கம் என்பதை மனிதன் அறிந்தது அவ்வாறுதான்.

நமக்கு அண்மையிலும் இதற்குச் சான்று உண்டு. மேட்டுப்பாளையம் வழியே மலையேறினால் உதகமண்டலம். அங்கே 1960-இல் நடுவண் அரசு நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் 1967 முதல் ஃபிலிம் உற்பத்தியாயிற்று. ‘இந்து’ என்னும் பெயரில் வந்த அதன் கறுப்பு-வெள்ளை ஃபிலிம் தமிழகத்து ஸ்டுடியோக்களில் நெடுங்காலம் பயன்பட்டது. அவ்வாலை மருத்துவமனைகளுக்கான எக்ஸ்-ரே ஃபிலிமையும் செய்தது. ஆலை பின்னாளில் நலிவுற்று நின்றுபோயிற்று. எனினும் அது காட்டிய உண்மை நிற்கிறது: திருமண வீட்டின் முகத்தைப் பதிக்கும் பொருளும் நோயாளியின் எலும்பைப் பதிக்கும் பொருளும் உறவுடையவை. ஊடுகதிரை உணரும் திறன் மருத்துவமனையில் வரம். விமான நிலையத்தில் அதுவே இடர்.

கருவிகள் மூவகை

விமான நிலையத்துக் கருவிகள் யாவும் ஒன்றெனக் கருதுதல் தவறு. நாம் நடந்து கடக்கும் நிலைச்சட்டமும், காவலர் கையில் வைத்துத் தடவும் கருவியும் உலோகத்தைக் கண்டறிபவை. பின்னலாடை ஆலைகளில் குழந்தைகள் ஆடையில் ஊசிமுனை தங்கியுள்ளதா எனக் காண நீடில் டிடெக்டர் வைத்திருக்கிறோமல்லவா? அதைப் போன்றே இவையும் காந்தப்புலத்தால் இயங்குபவை. இவற்றால் ஃபிலிமுக்குத் தீங்கில்லை. சட்டைப்பையில் ஃபிலிமை வைத்துக்கொண்டு இவற்றைக் கடக்கலாம்.

இரண்டாவது வகை, கைப்பையைச் சோதிக்கும் வழக்கமான ஊடுகதிர்க் கருவி. இதன் கதிர் மென்மையானது. வேகம் குறைந்த ஃபிலிம் ஓரிரு முறை இதில் சென்றால் கண்ணுக்குத் தெரியும் கேடு பெரும்பாலும் நேர்வதில்லை. ஆயினும், படும் கதிர் ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகும். கோவையில் ஒரு முறை, மும்பையில் ஒரு முறை, துபாயில் ஒரு முறை, திரும்பும் வழியில் மீண்டும் அவ்விடங்களில் எனக் கணக்கிட்டால், ஒரே பயணத்தில் ஆறு முறை ஆகிவிடும்.

மூன்றாவது வகையே மிகக் கொடியது. விமானத்தின் சரக்கறைக்குப் போகும் பெட்டிகளைச் சோதிக்கும் கருவிகள் வலிமை மிக்கவை. ஐயத்துக்குரிய பகுதியை ஒடுங்கிய கற்றையால் மீண்டும் ஊடுருவிப் பார்ப்பவையும் அவற்றுள் உண்டு. எனவே பெரிய பெட்டியில் ஃபிலிமை ஒருபோதும் வைத்தலாகாது. இந்நாளில் கைப்பைகளுக்கும் சி.டி. வகைக் கருவிகள் பல நாடுகளில் வந்துவிட்டன. இந்தியாவிலும் பெரிய விமான நிலையங்களில் இடம்பெறத் தொடங்கியுள்ளன. மருத்துவமனையில் உடலைச் சுற்றிச் சுற்றிப் படமெடுப்பது போல் இவை பையைச் சுற்றிப் படமெடுக்கின்றன. எவ்வேகமுள்ள ஃபிலிமாயினும் இக்கருவியில் ஒரு முறைகூடச் செலுத்த வேண்டாம் என்பது கோடாக், இல்ஃபோர்ட் முதலிய ஃபிலிம் நிறுவனங்களின் அறிவுரை.

ஃபிலிம் டப்பியின் மேல் 100, 200, 400, 800 என அச்சிட்டிருக்கும் எண் அதன் வேகத்தைக் குறிப்பது. எண் மிகுந்தால் குறைந்த ஒளியிலும் படம் பதியும். அதற்கேற்ப ஊடுகதிருக்கும் விரைவில் ஆட்படும். 800-ம் அதற்கு மேற்பட்டதும் பழைய வகைக் கருவிக்குள்ளும் போகாதிருத்தல் நன்று. இன்ஸ்டாக்ஸ் ஃபிலிமின் வேகமும் 800 என்பதை இளையோர் நினைவிற் கொள்ள வேண்டும். படம் எடுக்காத புதுச் சுருளும் இவ்விதிக்கு விலக்கன்று. உருத்துலக்கிய நெகட்டிவுக்கோ, அச்சிட்ட படத்துக்கோ, டிஜிட்டல் கேமராவின் நினைவட்டைக்கோ இத்தீங்கு இல்லை.

காவலரும் நாமும்

இவ்வளவும் அறிந்தபின் சோதனைக் கருவிமேல் சினங்கொள்வது முறையாகாது. 1985 ஜூன் 23-ஆம் நாள் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அருகே வானில் வெடித்துக் கடலில் வீழ்ந்தது. 329 உயிர்கள் மாண்டன. வெடிகுண்டு, பயணி இன்றி ஏற்றப்பட்ட ஒரு பெட்டியில் இருந்தது. டொராண்டோ விமான நிலையத்தில் பெட்டிகளைச் சோதித்துவந்த ஊடுகதிர்க் கருவி அன்று பழுதாகி நின்றிருந்தது. கருவி இயங்காமையால் நேரக்கூடியதன் அளவை இதனால் உணரலாம். ஃபிலிமைக் காப்பதும் வேண்டும். பயணிகளைக் காப்பவர் பணிக்கு இடையூறு செய்யாதிருப்பதும் வேண்டும். இரண்டையும் இணைக்கும் வழி, கைச்சோதனை கேட்பதே.

கையால் திறந்து பார்த்துச் சோதிக்கும்படி அலுவலரைப் பணிவுடன் வேண்டலாம். அமெரிக்க விமான நிலையங்களில் பயணி இவ்வாறு கேட்பதற்கு இடமுண்டு. நம் நாட்டிலும் பிற நாடுகள் பலவற்றிலும் அது பணியிலுள்ள அலுவலரின் முடிவைப் பொறுத்தது. அவர் ஒப்புக்கொள்வது பெரும்பாலும் நாம் கேட்கும் முறையைப் பொறுத்தது. வரிசையில் நூறு பேர் நிற்க, பையின் அடியிலிருந்து ஒவ்வொரு சுருளாகத் துழாவி எடுத்துக்கொண்டு வாதிட்டால் எவரும் இசையார்.

ஆகவே முன்னேற்பாடு தேவை. முதலாவதாக, சுருள்களை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் உறையில் இட்டுக் கைப்பையின் மேற்புறம் வைக்க வேண்டும். பனியன் அடைக்கும் பாலிபேக்கே போதும். உறையின் உள்ளே இருப்பது ஒரே பார்வையில் தெரிவதே நோக்கம். இரண்டாவதாக, கேமராவில் ஃபிலிம் இருப்பின் பயணத்துக்கு முன்னரே சுற்றி முடித்து வெளியே எடுத்துவிட வேண்டும். கேமராவைத் திறந்து காட்டும்படி அலுவலர் கேட்டால், உள்ளிருக்கும் சுருள் ஊடுகதிரால் அன்றி வெளிச்சத்தாலேயே கெடும். மூன்றாவதாக, வழக்கமான நேரத்துக்குச் சற்று முன்னரே நிலையத்தை அடைய வேண்டும். நான்காவதாக, அலுவலர் மறுத்துவிட்டால் அதனை ஏற்று, பழைய வகைக் கருவி உள்ள வரிசை உண்டா எனக் கேட்டுப் பார்க்கலாம். வேகம் குறைந்த ஃபிலிம் அதில் ஒரு முறை செல்வதால் மனம் கலங்க வேண்டியதில்லை.

ஈயத்தாள் பதித்த பைகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை முற்றும் நம்புதல் கூடாது. திரையில் கருந்திட்டாகத் தெரியும் எதனையும் அலுவலர் ஐயுறுவார். பையைத் திறந்து மீண்டும் கருவியில் செலுத்துவார். காப்பதற்கு வாங்கிய பையே ஒன்றுக்கு இருமுறை கதிர் படக் காரணமாகலாம்.

எல்லாவற்றினும் சிறந்த வழி வேறொன்று உண்டு. செல்லும் ஊரிலேயே ஃபிலிமை வாங்கி, அங்கேயே உருத்துலக்கி, நெகட்டிவாகக் கொண்டு திரும்பினால் எந்தக் கருவிக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஊருக்கு வந்து கழுவக் கருதுவோர் காலம் தாழ்த்தலாகாது. கோடை வெயிலில் நிறுத்திய காருக்குள் சுருளை விட்டுச் செல்வதும் கூடாது. வெப்பமும் ஃபிலிமுக்குப் பகையே. தொலைவிலுள்ள ஆய்வகத்துக்கு அஞ்சலிலோ கூரியரிலோ அனுப்புவோர், அப்பொதி விமானத்தில் போகுமா, தரைவழி போகுமா என்று கேட்டறிதல் நன்று. மெட்ரோ நிலையங்களிலும் பெரிய தொடர்வண்டி நிலையங்களிலும்கூடப் பைகளை ஊடுகதிரால் சோதிக்கும் வழக்கம் வந்துவிட்டது என்பதையும் மறத்தலாகாது.

ஒரு சுருளின் விலை சில நூறு ரூபாயாக இருக்கலாம். அதில் அடங்கிய 36 படங்களுக்கு விலை கூற இயலாது. வெளிநாட்டில் உழைக்கும் மகன் ஊருக்கு வந்த நாளில் தாயோடு நின்ற படமோ, முதிய வயதில் ஹஜ்ஜுக்குச் சென்ற பாட்டனாரின் முகமோ அவற்றுள் ஒன்றாக இருக்கலாம். கைப்பேசிப் படத்துக்குப் படி உண்டு. துலங்காத சுருளுக்குப் படி இல்லை. அது கருவிக்குள் செல்லும் அந்தச் சில நொடிகளே அதன் வாழ்வைத் தீர்மானிக்கின்றன.

வருமுன் காத்தலே அறிவுடைமை என்பது நம் முன்னோர் நெறி. நம் இல்லங்களில் பழைய கேமராவோ கழுவாத சுருளோ இருப்பின், பெரியோர் அதனை எடுத்துப் பார்க்க வேண்டும். உருத்துலக்கும் வழியை இளையோர் கண்டறிந்து உதவ வேண்டும். பயணம் புறப்படுவோர் சுருளைக் கைப்பையில் வைத்து, வரிசையில் நின்று, அலுவலரை நோக்கி, ‘ஐயா, இது கழுவாத ஃபிலிம், கையால் சோதித்துத் தர இயலுமா?’ என்று ஒரு சொல் கேட்டால் போதும்.